முதலில் லாரியைக் கண்டுபிடி, அப்புறம் குண்டைப் போடு: டிசிஎஸ் தரைத் தாக்குதல்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டர் விளையாட்டில் தரைத் தாக்குதல் பழக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பட்டன் கேள்விதான். சிசிஐபியில் (குண்டு விழப்போகும் இடத்தைத் திரையில் காட்டும் முறை) எப்படிப் போடுவது, லேசர் குறியீட்டு எண்ணை எங்கே மாற்றுவது, இந்த மாதிரி. அதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் கைக்குப் படிந்துவிடும். 15,000 அடியில் சுற்றிக்கொண்டே, கீழே பச்சையும் பழுப்புமாகக் கிடக்கிற நிலத்தில் நாலு லாரி எங்கே நிற்கிறது என்று பிடிக்கிறதுதான் லேசில் படியாது. தவறிப்போன தாக்குதல் ஓட்டங்களை டாக்வியூ என்ற மறுஓட்ட மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். குண்டைப் போட்ட கை பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். இலக்கு இதுதான் என்று உறுதிப்படும் முன்னாலேயே மூக்கைச் சாய்த்திருப்பார்கள். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் தேடுவதைப் பற்றியே.

காசு செலவில்லாமல் பழக சு-25டி விமானம் போதும். டிசிஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது, காகசஸ் வரைபடமும் இலவசம். மூக்கில் ஷ்க்வால் என்ற டிவி கேமரா இருக்கிறது, 23 மடங்கு வரை பெரிதாக்கும். விக்கர் ஏவுகணை இரண்டு லாஞ்சரிலும் எட்டெட்டு. பிறகு எஃப்/ஏ-18சி ஹார்னெட் வாங்கலாம். அதன் டார்கெட்டிங் பாட் (விமானத்தில் தொங்கும் கேமரா, லேசர் கூடு) காட்டும் படம் ஷ்க்வாலைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஷ்க்வாலில் தேடிப் பழகின கண்ணுக்கு எந்தப் பாடும் சுலபம். நேரே ஹார்னெட்டில் ஏறுகிறவர்கள் பட்டன் படிப்பதிலேயே நாளைத் தீர்த்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் அது ஒரே நிமிடம். நாகர்கோவில் வடசேரிக்கு மேலே வைத்துப் பாட் படத்தைத் துழாவத் தொடங்கினால், சுசீந்திரம் கடந்தது தெரியாமலே முக்கடலுக்கு மேலே நிற்போம். ஆகவே தேடும்போது வேகம் வேண்டாம், ஹார்னெட்டுக்கு 300 முதல் 350 நாட் போதும். உயரத்தைப் பிடிக்கும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, சந்தேக இடத்தை ஒரு பக்க இறக்கைக்கு நேராக வைத்து, 6 முதல் 8 கடல் மைல் தள்ளி வட்டமடியுங்கள். பாட் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கமாக வட்டம் இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் விமானத்தின் உடம்பே படத்தை மறைக்கும்.

சு-25டியில் இந்த வட்டம் நடக்காது. ஷ்க்வால் இடமும் வலமும் 35 பாகைதான் திரும்பும். எனவே நேரே போய், திரும்பி, மறுபடி நேரே வரணும். 15 கிலோமீட்டரில் தேடத் தொடங்கி 6 கிலோமீட்டரில் விலகிவிடுங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 65 நொடி கிடைக்கும். அந்த 65 நொடியில் முழு நிலத்தையும் பார்த்துவிட ஆசைப்படக் கூடாது. முதல் ஓட்டம் சாலைக்கு, இரண்டாவது மரக்கூட்டத்தின் விளிம்புக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேடல் தொடங்குவது விமானத்தில் ஏறும் முன்னால், எஃப்10 விசையை அழுத்தினால் வரும் வரைபடத்தில். வெளியூர்க்காரர் ஒருவருக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வழி சொல்வதானால் முதலில் திருவட்டாறு வரைக்கும் வரச் சொல்லி, அப்புறம்தான் கிளைச் சாலையைச் சொல்லுவோம். மேலிருந்து தேடுவதும் அதே வரிசை. காகசஸ் வரைபடத்தில் ரியோனி ஆறு, அதன் மேல் ஒரு பாலம், பாலத்திலிருந்து மேற்கே போகும் சாலை, சாலையில் இரண்டாவது வளைவு, வளைவுக்கு வடக்கே மரக்கூட்டம். இப்படி ஐந்து படி எழுதிவைத்தால், பாட் படத்தை முதலில் அகலமாக வைத்து ஆற்றைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை பெரிதாக்கிப் போகலாம். எடுத்த உடனே கடைசிப் பெருக்கத்துக்குப் போனால் திரையில் வெறும் புல்தான் ஓடும். எந்தப் புல் என்று தெரியாது.

அதே வரைபடத்தில் மவுஸை வைத்தால் அந்த இடத்தின் ஆயமும் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) தரை உயரமும் மேலே காட்டும். இடது ஆல்ட்டோடு ஒய் அழுத்தினால் ஆயத்தின் வடிவம் மாறும். எம்ஜிஆர்எஸ் என்ற இராணுவக் கட்ட வடிவத்தில் 38டி கேஎம் மாதிரியான கட்டக் குறிக்குப் பிறகு வரும் எண்களின் நீளத்தைப் பார்க்கணும். நாலு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர்ச் சதுரம், ஆறு என்றால் 100 மீட்டர், எட்டு என்றால் 10 மீட்டர், பத்து என்றால் ஒரு மீட்டர். ஆறு இலக்கம் கொடுத்துவிட்டு ஜிபிஎஸ் குண்டைப் போடச் சொல்கிற மிஷன்கள் உண்டு. 100 மீட்டர்ச் சதுரத்துக்குள் பாடை வைத்துத் தேடத்தான் அது உதவும், குண்டுக்குக் கொடுக்க உதவாது.

தரை உயரத்தை யாரும் மதிப்பதில்லை. தவறுகிற குண்டுகளில் நல்ல பங்கு அங்கேதான் தொடங்குகிறது. பாட் கீழே 30 பாகை சாய்ந்து பார்க்கிறது, இலக்கின் உயரத்தை 100 மீட்டர் பிசகாகக் கொடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். பார்வைக்கோடு தரையைத் தொடும் இடம் 173 மீட்டர் முன்னேயோ பின்னேயோ போய்விடும். வேபாயிண்டின் (குறித்துவைத்த வழிப்புள்ளி) உயரம் பூஜ்யமாகக் கிடக்கிற மிஷனில், பாட் சொன்ன இடத்துக்குத் திரும்பி வெறும் வயலைக் காட்டுவது இதனால்தான். லேசரால் தூரத்தை அளந்தபிறகு இலக்கைக் குறித்தால் இந்தப் பிசகு பெரும்பாலும் ஒழியும். சு-25டியிலும் அப்படியே: வலது ஷிஃப்ட்டோடு ஓ அழுத்தி லேசரை உயிர்ப்பித்த பிறகுதான் தூரம் நம்பும்படி வரும். சும்மா போட்டே வைத்திருந்தால் அது சூடேறி ஓய்வெடுக்கப் போய்விடும், அதையும் பாத்துக்கிடணும்.

கீழே ஜேடாக் (தரையிலிருந்து விமானத்தை இலக்குக்கு வழிநடத்தும் நம்ம படை ஆள்) இருந்தால் ஒன்பது வரிக் குறிப்பு வரும். முதல் மூன்று வரி எங்கிருந்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரம். நாலாவது இலக்கின் உயரம், ஐந்தாவது அது என்ன பொருள், ஆறாவது இடம், ஏழாவது அடையாளம், எட்டாவது நம்ம ஆள் எங்கே, ஒன்பதாவது எந்தப் பக்கம் விலகுவது. திருப்பிச் சொல்ல வேண்டியவை நாலும் ஆறும், கூடவே ஏதாவது கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதுவும். எட்டாவது வரியைத் தாளில் பெரிதாக எழுதிவையுங்கள். மல்ட்டிபிளேயரில் நம்ம ஆள் தலையில் விழுகிற குண்டுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்த வரியைக் கேட்காத காது இருக்கும்.

இடம் கிடைத்தாச்சு, பொருளைக் காண வேண்டும். பகலில் வண்டியைத் தேடுவதைவிட அதன் நிழலைத் தேடுவது எளிது. மிஷன் நேரம் காலை அல்லது மாலை என்றால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளமான கரிய பட்டை தெரியும். நட்டுச்சியில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். நகர்கிற வண்டி புழுதி கிளப்பும். சுடுகிற பீரங்கி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வயலுக்கு நடுவில் ஒரே இடைவெளியில் வரிசையாக ஏதாவது நின்றால் அது மரமோ பாறையோ அல்ல. வெப்பப் படத்தில் வெள்ளைச் சூடு, கறுப்புச் சூடு இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெயில் குடித்த சாலை வெள்ளைச் சூட்டில் வண்டியை விழுங்கிவிடும், கறுப்பில் அதே வண்டி துலக்கமாகும். மரத்துக்கு ஊடே எந்தப் பாடும் பார்க்காது. ஒரு பக்கத்திலிருந்து மறைவது இன்னொரு பக்கத்திலிருந்து தெரியலாம் என்பதற்காகவும் அந்த வட்டம் தேவை.

சு-25டியில் கைவரிசை இதுதான். 7ஐ அழுத்தினால் தரைத் தாக்குதல் முறை, ஓ அழுத்தினால் ஷ்க்வால் எழும்பும். அரைப்புள்ளி, கமா, புள்ளி, சாய்கோடு இந்த நாலு விசையும் கேமராவை நகர்த்தும். என்டர் அழுத்தினால் பூட்டும். பூட்டும் சதுரத்தின் அளவை லாரி, டாங்கிக்கு 10 மீட்டரில் வையுங்கள். சதுரம் பெரிதாக இருந்தால் பக்கத்துப் புதரைப் பிடித்துக்கொண்டு இலக்கு என்று சாதிக்கும். ஷ்க்வால் பகல் கேமரா. இருட்டில் அடிவயிற்றில் மெர்குரி பாட் மாட்டாமல் கிளம்பினால் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு இடைச்சொல். கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரம் வீடு என்றால் உப்புக்காற்று ஜாய்ஸ்டிக்கின் பழைய வகை பொட்டன்ஷியோமீட்டரைச் சீக்கிரமே கெடுக்கும். சென்சார் நடுங்கினால் கைப்பிடியைத் தொடாமலே கேமரா இலக்கைவிட்டு நழுவும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் சென்சார் உள்ளதாக வாங்குங்கள். டி.16000எம் அந்த வகைதான். இருக்கிறதை வைத்து ஓட்டுவதானால் டிடிசியை (திரையில் இலக்கைக் குறிக்கும் குறி) நகர்த்தும் அச்சுக்கு டெட்ஸோன் (அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) 5 முதல் 10 வரை கொடுங்கள், வளைவும் கொஞ்சம் கூட்டுங்கள். மழைக்காலத்தில் கரண்டு போவதைச் சொல்லவே வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும், கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு 1000 விஏவுக்குக் கீழே வாங்கி பிரயோஜனமில்லை.

இனி உயரம், தரையிலிருக்கும் வான்பாதுகாப்பு ஆயுதங்களுக்கு எட்டாதபடி. ஷில்க்காவின் பீரங்கி இரண்டரை கிலோமீட்டர் தூரம் வரை எட்டும். இக்ளா, ஸ்ட்ரெலா-10, துங்குஸ்கா மூன்றும் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம்வரை, ஓசா 5,000 வரை, டோர் 6,000 வரை. முதல் நாலு மட்டும் இருக்கும் இடத்தில் 15,000 அடி நிம்மதியான உயரம். ஆனால் அந்த அடி கடல் மட்டத்திலிருந்து எண்ணுவதல்ல, சுடுகிறவன் நிற்கும் தரையிலிருந்து. நம்ம மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல். அந்த மாதிரி மலைத்தலையில் ஒரு இக்ளா நின்றால், மானியில் 15,000 காட்டும்போது அவனுக்கு மேலே நீங்கள் 10,000 அடிகூட இல்லை. காகசஸ் மலைகளில் இது அடிக்கடி நடக்கும். லாரிக்கூட்டத்தைத் தேடும்போது கூடவே நிற்கிற வான்பாதுகாப்பு வண்டியை முதலில் தேடி, முதல் ஆயுதத்தை அதுக்கே செலவிடுங்கள்.

மட்டமாகப் பறந்து போடுவதற்கும் சாய்ந்து போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கணக்கு சொல்லிவிடும். 480 நாட் என்றால் நொடிக்கு 247 மீட்டர். மட்டமாகப் போகும்போது பட்டனை அரை நொடி தாமதித்தால் குண்டு 123 மீட்டர் தாண்டி விழும். அதே வேகத்தில் 30 பாகை சாய்ந்து, தரையிலிருந்து 1,500 மீட்டரில் விடும்போது அதே அரை நொடித் தாமதம் சுமார் 45 மீட்டர்தான் தள்ளும். முன்னே நகர்ந்த தூரத்தை, இறங்கின உயரம் பெரும்பகுதி ஈடுகட்டிவிடுகிறது. வழிகாட்டி இல்லாத மார்க்-82 குண்டுக்கு சாய்வுதான் சரி என்பது இதனால்.

ஓட்டம் இப்படி: தரையிலிருந்து 10,000 அடி, இலக்கு பக்கவாட்டில். ஆயுதங்களை உயிர்ப்பிக்கும் மாஸ்டர் ஆர்ம் சுவிட்ச் மேலே, தரை முறை, ஆயுதப் பட்டியல் திரையான ஸ்டோர்ஸ் பக்கத்தில் மார்க்-82, சிசிஐபி, ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் பொறி) போட்டாச்சா என்று இன்னொரு தடவை பார்வை. இலக்கு இறக்கை நுனிக்குக் கொஞ்சம் பின்னே போனதும் உருண்டு மூக்கை இலக்குக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், இறக்கையை மட்டப்படுத்துங்கள். இப்போது ஹட்டில் (கண்முன்னே உள்ள கண்ணாடித் திரை) குண்டு விழும் கோடு நேராகத் தொங்கும். இலக்கை முதலில் அந்தக் கோட்டின் மேல் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு பக்கவாட்டு வேலை முடிந்தது, குண்டு விழும் இடத்தைக் காட்டும் குறி தானாக இலக்கை நோக்கி ஏறி வரும். வருகிற வரை காத்திருக்கணும். அவசரப்பட்டுக் குச்சியைத் தள்ளிக் குறியை இலக்கின் மேல் இழுத்துவைத்தால் ஜி (விமானத்தின் மேல் ஏறும் விசை) மாறும், குண்டு முன்னே பின்னே போகும். கடைசி மூன்று நொடி கை அசையக் கூடாது, கேட்டியளா.

1,500 மீட்டரில் விட்டால் குண்டு சுமார் 9 நொடி பறக்கும், 1,900 மீட்டர் முன்னே போய் விழும். விட்ட பிறகு இரண்டு நொடி ஏமாந்து, 5 ஜியில் நிமிர்த்தினால் ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தை இழப்பீர்கள். அதாவது நீங்கள் தொடும் அடிமட்ட உயரம் 1,000 மீட்டருக்குச் சற்று மேலே. இந்தக் கணக்கில் இடம் இருக்கிறது. 700 மீட்டரில் விட்டுவிட்டு வெடிப்பதை எட்டிப் பார்க்கிறவனுக்கு இடமில்லை.

பாட் அடிக்கும் லேசர்ப் புள்ளியைத் தேடிப் போகும் லேசர் குண்டில் ஜிபியு-12 தான் பழகத் தக்கது, 227 கிலோ மார்க்-82க்கு மூக்கும் வாலும் மாட்டியது. லேசர் குறியீட்டு எண் குண்டிலும் பாடிலும் ஒன்றாக இருக்க வேண்டும், 1688 என்பது வழக்கமாகக் கிடக்கிற எண். அந்த எண் 1இல் தொடங்கும், 0வும் 9உம் வராது. ஹார்னெட்டில் ஸ்டோர்ஸ் பக்கத்திலேயே குண்டின் குறியீட்டு எண்ணை மாற்றலாம். பல விமானங்களில் தரையில் நிற்கும்போதே மாற்றியாக வேண்டும், பறந்த பிறகு வழியில்லை. லேசர் சுவிட்ச் ஆர்மில் இருக்கிறதா என்பதும் அதே மூச்சில் பார்க்க வேண்டியது.

20,000 அடியிலிருந்து குண்டு விழ சுமார் 35 நொடி. அந்த 35 நொடியும் லேசர் அடிக்க வேண்டாம். இந்த வகைக் குண்டின் துடுப்பு ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுசாகத் திரும்பும். தொடக்கத்திலேயே லேசர்ப் புள்ளியைப் பார்த்துவிட்டால் அதை நோக்கித் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்து வேகத்தை இழக்கும், கடைசியில் இலக்குக்கு முன்னாலேயே விழும். கடைசி 10, 12 நொடி போதும். விட்டதும் பாட் இருக்கிற பக்கமாக மெல்லத் திரும்புங்கள். எதிர்ப்பக்கம் கடுமையாகத் திரும்பினால் பாட் மறைந்து லேசர் அறுந்துபோகும். கீழே மேகம் என்றாலும் கதை முடிந்தது. நகர்கிற லாரிக்கு வண்டியையே பிடிக்கும் புள்ளிப் பூட்டு வேண்டும், இடத்தைப் பிடிக்கும் நிலப் பூட்டு அதைப் பின்தொடராது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடுகிற வண்டி 25 நொடியில் 275 மீட்டர் தாண்டியிருக்கும்.

ஜிபிஎஸ் குண்டுக்கு மேகம் பொருட்டல்ல. ஆயமும் உயரமும் சரியாக இருந்து, குண்டு தன் நிலையைப் பிடிக்க அதற்கு இரண்டரை நிமிடம் போல அவகாசம் கொடுத்தால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நகர்கிற இலக்குக்கு ஆகாது.

காற்றைப் பற்றி ஒரு சொல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று நாகர்கோவில் தெருவில் இருக்காது, முப்பந்தலில் காற்றாலை நட்டதே அதனால்தான். டிசிஎஸ் மிஷனிலும் தரையில் ஒரு காற்று, 2,000 மீட்டரில் ஒரு காற்று, 8,000 மீட்டரில் ஒரு காற்று என்று தனித்தனியாக வைக்க முடியும். ஹட் குறி கணக்கில் எடுப்பது விமானம் இருக்கும் உயரத்துக் காற்றை. கீழே வேறு திசையில் அடித்தால் குண்டு அந்தப் பக்கம் ஒதுங்கும். ஏ-10சி விமானத்தில் லாஸ்ட் என்ற கணினிப் பக்கத்தில் அடுக்கு அடுக்காகக் காற்றை எழுதிக்கொடுக்க இடம் இருப்பது இதற்காகவே. கணினிக் குறி இல்லாத பழைய விமானங்களில், மூக்கை இலக்கின் மேல் வைத்து 9 நொடி விழும் குண்டை நொடிக்கு 5 மீட்டர்ப் பக்கக்காற்று 45 மீட்டர் தள்ளும். அந்த அளவுக்குக் காற்று வரும் பக்கமாகக் குறி வைத்துப் போட வேண்டியதுதான்.

லாரி வரிசைக்கு இரண்டு மூன்று குண்டை இடைவெளி விட்டுப் போடுவதானால் சாலைக்கு 10 முதல் 20 பாகை கோணத்தில் வாருங்கள். சாலையோடு நேராக வந்தால் சின்ன பக்கப் பிசகில் எல்லாக் குண்டும் வாய்க்காலுக்குள் போகும். குறுக்கே வந்தால் ஒன்றுதான் சாலையில் விழும். டிசிஎஸ்ஸில் சிதறல் துண்டின் சேதம் கம்மி, டாங்கிக்கு மார்க்-82 ஏறக்குறைய மேலேயே விழ வேண்டும். கவச வண்டிக் கூட்டம் என்றால் கொத்துக்குண்டான சிபியு-97 அல்லது அதன் காற்றைத் திருத்திக்கொள்ளும் தம்பி சிபியு-105. ஒவ்வொன்றிலும் ஸ்கீட் எனும் சிறு வெடிகள் 40.

தவறின குண்டு எப்படித் தவறியது என்று எழுதிவைத்தால் காரணத்தைப் பிடிக்கலாம். சாய்ந்து போட்ட குண்டு எப்போதும் தாண்டி விழுகிறதா, பட்டனைத் தாமதிக்கிறீர்கள் அல்லது விடும் நேரத்தில் குச்சியை இழுக்கிறீர்கள். எப்போதும் முன்னே விழுகிறதா, குச்சியைத் தள்ளுகிறீர்கள். லேசர் குண்டு முன்னே விழுந்தால் லேசரைச் சீக்கிரம் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரே பக்கம் ஒதுங்கினால் இறக்கை மட்டமில்லை, விமானத்தின் சறுக்கலைக் காட்டும் பந்து நடுவில் இல்லை, அல்லது காற்று. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பக்கம் என்றால் கடைசி மூன்று நொடியில் கை ஆடுகிறது. ஜிபிஎஸ் குண்டு எல்லாம் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, இலக்கு மட்டும் அங்கே இல்லையென்றால் உயரமோ ஆயமோ தப்பு. குண்டு சரியாக விழுந்து வெடிக்காமல் கிடந்தால் ஃபியூஸ் ஆஃபில் இருந்திருக்கும், அல்லது ஃபியூஸ் விழித்துக்கொள்ளும் முன்னாலேயே தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வாக விட்டிருப்பீர்கள்.